லைசென்ஸ் இல்லாத கை

பதிவாளர் அலுவலகத்து பெஞ்சுக்கு ஒரு கால் கட்டை. ஒருவர் எழுந்தால் இன்னொருவர் சாய வேண்டும். அன்று காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுவதும் உட்காருவதுமாக இருந்தேன். நான் எழும்போதெல்லாம் மறுமுனையில் என் தம்பி சரிந்தான்.

"அக்கா, ஒண்ணு உக்காரு, இல்ல நில்லு. எனக்குக் கப்பல்ல போற மாதிரி இருக்கு."

அவன் மட்டும் என்ன யோக்கியம்? டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பயத்தில் பிரேக்கை மிதித்து மிதித்து, வலது கால் அவன் சொல்பேச்சைக் கேட்காமல் போய்விட்டது. பதற்றம் வந்தால் தரையை மிதிக்கும். அன்று மூன்றாவது மாடித் தரையையே நிறுத்திவிடுகிறவன் போல மிதித்துக்கொண்டிருந்தான்.

எங்களுக்கு எதிரே கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் பதிவாளரின் மேசை. மேசை மேல் ஒரு பச்சை ஃபைல். ஃபைலுக்குள் என் பிறப்புச் சான்றிதழ், புதிதாக அச்சடித்தது. அதில் 'பெண்' என்று இருந்தது. கையெழுத்தும் முத்திரையும்தான் பாக்கி. ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய மனிதர் நாற்காலியில் இல்லை. மேலே ஐந்தாவது மாடியில் மீட்டிங்காம். பேனாவை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் பேனாவைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அய்யா வந்ததும் கூப்பிடுவேன்," என்று கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தா சொல்லியிருந்தாள். "அவர் கண் முன்னாடி முதல்ல நீங்க கையெழுத்துப் போடணும். அப்புறம்தான் அவர் போடுவார். இடத்தை விட்டு எங்கேயும் போயிடாதீங்க."

எங்கே போவது? இந்த இடத்துக்கு வந்து சேரவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் பிறந்தபோது யாரோ பார்த்து, யாரோ சொல்லி, யாரோ 'ஆண்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் வளர்ந்து ஆளாகி, நான் யார் என்பதை நானே வந்து சொன்ன பிறகும் திருத்த மாட்டேன் என்றால்? முதன்முதலாக மனுவோடு வந்தபோது இதே பதிவாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு அதிகாரம் இல்லைங்க." மேலிடத்துக்கு எழுதினேன். அவர்களுக்கும் அதிகாரம் இல்லையாம். அதற்கும் மேலிடத்துக்கு எழுதினேன். கிணற்றில் போட்ட கல். இவ்வளவு பெரிய சர்க்காரில் ஒருவருக்குக்கூட அதிகாரம் இல்லையா என்ற ஆத்திரத்தில்தான் கோர்ட்டுக்குப் போனேன்.

அங்கே எனக்கு எதிராக அரசு வக்கீல் நின்றார். ஒல்லியான மனிதர், கணீர் குரல். "பிறப்புப் பதிவு என்பது ஆளாளுக்கு வண்ணம் மாற்றிக்கொள்ள வீட்டுச் சுவர் அல்ல. அதைத் தொடும் அதிகாரம் அரசுக்கு மட்டுமே உண்டு," என்பார். வாய்தாவுக்கு வாய்தா இதையே வேறு வேறு விதமாகச் சொல்வார். என்னை ஒரு தடவைகூட அந்த அம்மா என்றோ அந்தப் பெண் என்றோ சொன்னதில்லை. நான் பக்கத்திலேயே நிற்பேன், புடவைத் தலைப்பு அவர் மேசையில் உரசும், அவர் 'மனுதாரர்' என்பார். "மனுதாரர் போதும், கனம் நீதிபதி அவர்களே," என்று, 'அந்த அம்மா' என்று சொன்ன நீதிபதியையே ஒரு முறை திருத்தினார். அன்று வீட்டுக்கு வந்து நான் அழுதேன். தீர்ப்பு பாதகமாக வந்திருந்தால்கூட அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

ஆனால் தீர்ப்பு சாதகமாகத்தான் வந்தது. சான்றிதழைத் திருத்திக் கொடு என்று நீதிபதி உத்தரவு போட்டார். சர்க்கார் சும்மா இருக்குமா? மேல் கோர்ட்டுக்கு ஓடியது. அந்த விசாரணை அன்று காலைதான்.

இவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்கலாம். என் பிழைப்பு அந்தப் பச்சை ஃபைலுக்குள் இருந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகளுக்கு என் கை தெரியும். இதே கட்டடத்து லிஃப்டையும் எங்கள் கம்பெனிதான் பார்த்துக்கொள்கிறது. அந்த வேலைக்கு லைசென்ஸ் வேண்டும், அதைச் சில வருடங்களுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இந்தத் தடவை போனபோது, பழைய லைசென்ஸில் இருக்கிற ஆள் வேறு, எதிரே நிற்கிற ஆள் வேறு, பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொண்டு வா என்றார்கள். லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டது. என்னிடம் தொழில் கற்றுக்கொண்ட பையன்களுக்கு நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முதலாளி நல்லவர்தான். ஆனாலும் "மாசக் கடைசி வரைக்கும் பார்க்கலாம். அதுக்கு மேல நான் என்ன பண்றது, சொல்லு," என்று கையை விரித்துவிட்டார். மாசக் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

கவுன்ட்டரில் ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு நின்றாள். பிரசவமாகி அதிக நாள் ஆகியிருக்காது, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆணா, பொண்ணா?" என்று குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டாள்.

"பொண்ணு."

தட்டச்சு செய்தாள். முடிந்தது. குழந்தையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தியாடா?" என்றேன் தம்பியிடம். "ஒரு வார்த்தை. வக்கீல் இல்ல, வாய்தா இல்ல."

"நீயும் பொறந்த அன்னைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். ஊரையே கூட்டுற வாய் அன்னைக்கு மட்டும் எங்க போச்சு?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் என்னை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பிக்கச் சில வருடங்கள் பிடித்தன. ஆரம்பித்த பிறகு ஒரு தடவையும் மாற்றிக் கூப்பிட்டதில்லை. அதற்காக அவன் அடிக்கிற கிண்டலையெல்லாம் பொறுத்துக்கொள்வேன்.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. என் வக்கீலக்கா. கோர்ட்டு வராந்தாவிலிருந்து பேசுகிறார் என்பது இரைச்சலிலேயே தெரிந்தது.

"கையெழுத்தாயிடுச்சா?"

"இன்னும் இல்லக்கா. அவர் மீட்டிங்ல இருக்கார்."

"கடவுளே! இங்க தடை உத்தரவு குடுத்துட்டாங்க. அரசு வக்கீல் காப்பியை வாங்கிக்கிட்டு அப்பவே கிளம்பிட்டார், அங்கதான் வர்றார். ஆனா ஒண்ணு, தாள் பதிவாளர் கைக்குப் போற வரைக்கும் அவர் கையெழுத்துப் போடலாம். போட்டு நீ வாங்கிட்டா அப்புறம் லேசுல பிடுங்க முடியாது. நீ இடத்தை விட்டு நகராத!"

பதிவாளருக்கு ஃபோனில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இல்லை. தீர்ப்பு வந்த அன்று வக்கீலக்கா ஃபோன் செய்து சொன்னபோது, "வாய்ச் சொல்லுக்கெல்லாம் நான் நடக்க முடியாது, தாள் கைக்கு வரட்டும்," என்று சொன்ன மனிதர் அவர். அந்தக் கெட்ட குணம் இன்று எனக்கு உதவட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

தம்பியை ஐந்தாவது மாடிக்கு விரட்டினேன். மூச்சு வாங்க இறங்கி வந்தான். "முடியற நேரம்தானாம். வாசல்ல இருக்கிற ஆள் உள்ளயே விட மாட்டேங்கிறான்." ஜன்னலுக்கு ஓடினேன். கீழே ஒரு கார் வந்து நின்றது. கறுப்புக் கோட்டு இறங்கியது. கக்கத்தில் ஃபைல். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டது போல உள்ளே நுழைந்தார். படிக்கட்டுப் பக்கம் திரும்பவில்லை, நேரே லிஃப்டுக்குப் போனார்.

"முடிஞ்சுது," என்றேன். லிஃப்டின் மேல் இருக்கிற சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்று. இரண்டு. அப்புறம் 'கடக்' என்று ஒரு சத்தம். எண் இரண்டிலேயே நின்றது.

அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். மூன்றாவது மாடிக் கதவின் பூட்டு முனை தளர்ந்து போயிருந்தது. கதவு லேசாக ஆடினால் போதும், கதவு திறந்துகொண்டது என்று நினைத்து லிஃப்ட் அப்படியே நின்றுவிடும். இரண்டு மாதமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். லைசென்ஸ் இல்லாத ஆளின் குறிப்பை ஏற்க முடியாது என்று இதே கட்டடத்து நிர்வாகம் திருப்பி அனுப்பியது.

உள்ளேயிருந்து கணீர் குரல் வந்தது. "யாரங்கே? திறங்க! நான் அரசு வக்கீல்! அவசர உத்தரவு கொண்டு போறேன்!"

தம்பி என்னைப் பார்த்தான். முகமெல்லாம் பல். "அக்கா! ஆண்டவன் இருக்கான்!" சந்தோஷத்தில் அவன் கால் தரையை மிதிப்பதைக்கூட நிறுத்திவிட்டது. எனக்கும்தான் சந்தோஷம், பொய் சொல்வானேன்.

காவலாளி கீழேயிருந்து படியேறி ஓடி வந்தார். "நீங்க லிஃப்ட் ஆள்தானே? வக்கீல் அய்யா உள்ள மாட்டிக்கிட்டார். தீயணைப்புக்குச் சொல்லியிருக்கு, அவங்க எங்கேயோ விபத்துக்குப் போயிருக்காங்களாம். கொஞ்சம் பாருங்க."

எங்கள் கம்பெனியில் லைசென்ஸ் உள்ள இன்னொருவரை நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். அவருக்கு ஃபோன் போட்டேன். வெளியூரில் இருந்தார். வர இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார். "நீ தொடாத. லைசென்ஸ் இல்லாம தொட்டா உள்ள போட்டுருவாங்க. உனக்கே தெரியும்," என்றும் சொன்னார்.

"கேட்டியா?" என்றான் தம்பி. "மாமாவே சொல்லிட்டார். சட்டம் சொல்லுது, சர்க்கார் சொல்லுது. இத்தனை நாள் சட்டம் சட்டம்னு நம்மள ஓட விட்டாங்கல்ல? இன்னைக்கு நாம சட்டப்படி நடப்போம். சட்டப்படி பெஞ்சுல உக்காரு."

உட்கார்ந்தேன். நிஜமாகவே உட்கார்ந்தேன். நியாயம் முழுக்க என் பக்கம். கையைக் கட்டிக்கொண்டேன். குமாஸ்தா என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். காவலாளி "என்னங்க இது?" என்றார். "எனக்கு லைசென்ஸ் இல்லை," என்றேன்.

லிஃப்டுக்குள் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் அதட்டலாகத் தட்டினார். பிறகு விட்டு விட்டு. எங்கள் தொழிலில் அந்தத் தட்டலுக்கு ஒரு பாஷை உண்டு. கோபத்தில் தட்டுகிறவனை அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை. பயத்தில் தட்டுகிறவன் உள்ளங்கையால் தட்டுவான். அந்தச் சத்தம் வந்தால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவாமல் எழுந்து ஓட வேண்டும். எந்தப் புத்தகத்திலும் எழுதாத பழக்கம். ஆனால் அதை மீறிய ஒரு மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை.

அவர் உள்ளங்கையால் தட்ட ஆரம்பித்தார்.

"பாவி மனுஷன்," என்று எழுந்தேன். தம்பி பெஞ்சோடு சரிந்தான்.

என் இடுப்புப் பையில் எப்போதும் இருக்கிற கதவுச் சாவியை அவனிடம் கொடுத்து மூன்றாவது மாடிக் கதவருகே நிறுத்தினேன். "கதவுக் கண்ணாடி வழியாப் பாரு, லிஃப்ட் பெட்டி தரை மட்டத்துக்கு வந்ததும் ஃபோன்ல நிறுத்துன்னு சொல்லு. நான் திறன்னு சொன்னாத்தான் திறக்கணும்." லிஃப்ட் கதவு இடுக்கில் வாயை வைத்து, "சார், கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க. நான் மேல போய் வெளியே எடுக்கிறேன்," என்றேன்.

உள்ளே தட்டல் நின்றது. பிறகு, "நீங்களா?" என்று கேட்டது.

பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. பதிவாளர் வருவதற்குள் முடித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று ஒரு நப்பாசை. மோட்டார் அறை மொட்டை மாடியில். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். உள்ளே கிரீஸ் வாடை. மெயின் சுவிட்சை இறக்கி என் பூட்டைப் போட்டுப் பூட்டினேன். சாவி இடுப்புப் பைக்குள் போனது. பிறகு பிரேக்கைத் தளர்த்துகிற கம்பியை மாட்டினேன்.

உள்ளே ஒரே ஒரு ஆள் என்றால் பெட்டியை விடக் கயிற்றின் மறுபக்கம் தொங்குகிற எடைதான் கனம். பிரேக்கைத் தளர்த்தினால் பெட்டி தானாகவே மேலே ஏறும். கீழே இறக்க வேண்டுமென்றால் சக்கரத்தைச் சுற்ற இன்னொரு ஆள் வேண்டும். அதனால் அரசு வக்கீலை நான் ஏற்றித்தான் ஆக வேண்டும். மூன்றாவது மாடிக்கு. பதிவாளரின் வாசலுக்கு. என் கையாலேயே.

கம்பியை அழுத்தினேன். கயிறு ஒரு சாண் நகர்ந்தது. விட்டேன். மறுபடி அழுத்தினேன். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி தறிகெட்டு ஓடும். கயிற்றில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு மஞ்சள் அடையாளம் உண்டு. அவற்றை வரைந்தது நான்தான். மூன்றாவது மாடி அடையாளம் இன்னும் தூரத்தில் இருந்தது.

தரையில் கயிறு இறங்குகிற ஓட்டைகள் வழியாக அவர் மூச்சு எனக்குக் கேட்டது. இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

ஃபோனில் தம்பி கத்தினான். "அக்கா! பதிவாளர் வந்துட்டார்! படியில இறங்கி வந்து உக்காந்துட்டார், பேனாவைக் கையில எடுத்துட்டார், உன்னைக் கூப்பிடுறாங்க! அக்கா, வா! பிரேக்கைப் போட்டுட்டு ஓடி வா! ரெண்டு நிமிஷம் அவன் உள்ள இருந்தா செத்துட மாட்டான்!"

உண்மைதான். பிரேக் பிடித்திருந்தால் பெட்டி அசையாது. அவர் பத்திரமாக இருப்பார். நான் இறங்கிப் போய் ஒரு கையெழுத்துப் போட்டு, அவர் ஒரு கையெழுத்துப் போட்டு, வாங்கிக்கொண்டு திரும்பி வந்து எடுக்கலாம். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. கம்பியைக் கழற்றினேன். கதவு வரை போய்விட்டேன்.

"அம்மா..."

ஓட்டையின் வழியாக வந்தது அந்தக் குரல். கணீர் எல்லாம் போய்விட்டிருந்தது.

"அம்மா, இருக்கீங்களா? ஏன் நின்னுடுச்சு?"

திரும்பி வந்து ஓட்டையருகே குனிந்தேன். "சார், ரெண்டு நிமிஷம் இருங்க. எனக்குக் கீழே ஒரு வேலை இருக்கு. என்ன வேலைன்னு உங்களுக்கும் தெரியும். உங்க கையில என்ன தாள் இருக்குன்னு எனக்கும் தெரியும்."

அவர் அழுதாரோ இருமினாரோ தெரியவில்லை. "போகாதீங்கம்மா. மூச்சு விட முடியல. இருட்டா வருது. அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், போயிடாதீங்க, தாயே..."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன். கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன். "இப்ப மட்டும் அம்மாவா? இத்தனை நாளா நான் உங்க முன்னாடி நிக்கலையா?" என் குரல் ஓட்டைக்குள் இறங்கிப் போய் எங்கெங்கேயோ மோதியது. அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, "அம்மா, அம்மா" என்பது மட்டும் திரும்பி வந்தது.

ஃபோனில் தம்பி, "அக்கா, என்ன பண்ற? குமாஸ்தா ரெண்டாம் தடவை கூப்பிட்டாச்சு!" என்றான்.

"வாயை மூடிட்டுப் பெட்டியைப் பாருடா," என்றேன். கம்பியை மாட்டி அழுத்தினேன். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு மஞ்சள் அடையாளம் ஒன்று இரண்டாகத் தெரிந்தது. புறங்கையால் துடைத்ததில் கிரீஸ் முகமெல்லாம் ஆனது. அழுத்தினேன், விட்டேன். அழுத்தினேன், விட்டேன். "மெதுவா," என்றான் தம்பி, பாடம் நடத்துகிற குரலில். அந்தக் குரல் தானாக வந்துவிட்டது அவனுக்கு. "மெதுவா... இன்னும் கொஞ்சம்... நிறுத்து."

"திற," என்றேன்.

அப்புறம் ஓடினேன். மொட்டை மாடியிலிருந்து மூன்றாவது மாடி வரை. வழியில் எதன் மேலெல்லாம் மோதினேனோ தெரியாது.

கீழே நடந்ததைத் தம்பி பிறகு சொன்னான். கதவு திறந்ததும் அரசு வக்கீல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். தம்பி தண்ணீர் கொடுத்தானாம். குடித்தாராம். மூச்சு சீரானதும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோட்டைச் சரிசெய்து, கீழே கிடந்த ஃபைலை எடுத்துக்கொண்டாராம். தம்பி எதிரே போய் நின்று, "சார், அக்கா வந்துடட்டும் சார், ரெண்டே நிமிஷம்," என்றானாம். "தள்ளுங்க, சர்க்கார் வேலை," என்று சொல்லிவிட்டு நடந்தாராம். அதைச் சொல்லும்போது அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லையாம்.

நான் கண்ணாடித் தடுப்புக்கு வந்தபோது பதிவாளர் தடை உத்தரவைப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்தார். பேனாவை மூடினார். அந்தப் பச்சை ஃபைலையும் மூடினார்.

"நான் கையெழுத்துப் போடத்தான் உக்காந்தேன்," என்றார் என்னிடம். "நீங்க இல்லை. இப்ப எனக்கு அதிகாரம் இல்லைங்க."

அரசு வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தம்பியின் கால் தரையை மிதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பதிவாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கும் சங்கடம்தான் போல. பேச்சை மாற்றினார். "லிஃப்டைப் போட்டு விட்டுடுங்க. எங்க துறை இயக்குநர் மீட்டிங் முடிஞ்சு மேல காத்துக்கிட்டிருக்கார். அவருக்கு முழங்கால் வலி, படியில இறங்க முடியாது."

அதுவரை எனக்கே அது தோன்றவில்லை. இடுப்புப் பைக்குள் சாவி உறுத்தியது.

"எனக்கு அதிகாரம் இல்லைங்க," என்றேன்.

"என்னது?"

"கையால பிரேக்கைத் தளர்த்தி ஆளை எடுத்தா, லைசென்ஸ் உள்ளவங்க கதவுப் பூட்டுலேருந்து கயிறு வரைக்கும் பார்த்துக் கையெழுத்துப் போடுற வரைக்கும் லிஃப்டை ஓட்டக் கூடாது. உங்க சர்க்கார் போட்ட விதிதான். மோட்டார் அறையில ஒட்டியிருக்கு, வேணும்னா ஏறிப் போய்ப் படிச்சுப் பாருங்க."

"அப்ப லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்க."

"ஒருத்தர் வெளியூர்ல இருக்கார். இன்னொருத்தரோட லைசென்ஸ் உங்க மேசை மேல, அந்தப் பச்சை ஃபைலுக்குள்ள இருக்கு."

பதிவாளர் ஃபைலைப் பார்த்தார். பிறகு தடை உத்தரவைப் பார்த்தார். அவர் வாய் திறந்து மூடியது. குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன். பதிவாளர் கடைசியில் அரசு வக்கீலைப் பார்த்தார். "சார், இதுக்கு என்ன பண்றது?"

அரசு வக்கீல் கக்கத்து ஃபைலை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

வெளியே வந்தோம். படிக்கட்டின் மேல்படியில் அந்த இளம்பெண் குழந்தையோடு திகைத்துப்போய் நின்றாள். நான் பூட்டிய லிஃப்டுக்கு முதல் பலி இயக்குநர் இல்லை, இவள்தான். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். "குடும்மா, நான் தூக்கிட்டு வரேன். நீ கம்பியைப் பிடிச்சு மெதுவா இறங்கு," என்று கையிலிருந்த கிரீஸைப் புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அவள் பையைத் தம்பி வாங்கிக்கொண்டான். குழந்தை ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப் போனது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் பின்னால் காலடி கேட்டது. அரசு வக்கீல். அவரும் நடந்துதான் இறங்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. முகம் இன்னும் வெளிறியே இருந்தது.

"நீங்க என்னை உள்ளேயே விட்டிருக்கலாம்," என்றார்.

"விட்டிருக்கலாம்."

"லைசென்ஸ் இல்லாம தொட்டதுக்கு உங்க மேல புகார் வரலாம்."

"வரட்டும். நீங்கதானே சாட்சி."

அவர் நின்றார். நானும் நின்றேன். தம்பியும் அந்தப் பெண்ணும் முன்னால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஒரு நன்றி சொல்லணும்னு..." என்று ஆரம்பித்தார்.

"நன்றியெல்லாம் வேண்டாம் சார். என் சோத்துல மண்ணைப் போட்டுட்டு வந்து நன்றி சொல்லாதீங்க, எனக்கு வாயில கெட்ட கெட்ட வார்த்தையா வரும். கைக்குழந்தை வேற இருக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டேன். "அடுத்த வாய்தாவுல எனக்கு எதிரா நீங்கதான் எழுந்து நிப்பீங்க. நில்லுங்க, அது உங்க வேலை. ஆனா அந்தப் பெட்டிக்குள்ள இருந்தப்ப என்னை எப்படிக் கூப்பிட்டீங்களோ, அப்படியே நீதிபதி முன்னாடியும் கூப்பிடுங்க. அவ்வளவுதான் நான் கேக்கிறது."

அவர் கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். மேலே யாரோ இயக்குநருக்கு நாற்காலி கொண்டு வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கீழே தம்பி, "அக்கா, பார்த்து, மெதுவா," என்றான்.

குழந்தையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, மறு கையால் இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்தேன். சாவி இருந்தது. மீதிப் படிகளையும் இறங்கினேன்.